கட்டுமரங்கள் போகாத காலை

மே 12, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் வரும் நாள். குடங்களையும் பின்கட்டுத் தொட்டியையும் நிரப்பினேன். அம்மாவை எழுப்பி முகம் கழுவ வைத்து, இட்லியும் மாத்திரையும் கொடுத்தேன். மதியத்துக்கு ரசம், பீன்ஸ் பொரியல். ஒன்பது மணிக்குத் தபால் நிலையத்தில் என் கவுண்டரில் உட்கார்ந்தேன். வெயில் அதிகம், கூட்டம் குறைவு. மாலையில் வரும்போது மெடிக்கலில் அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம் வாங்கினேன். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். கதவைத் திறந்ததும் அவள் கேட்பது எப்போதும் ஒன்றே: "வெயில்ல நடந்தா வந்த?" இன்றும் கேட்டாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்த பிறகுதான் போனைப் பார்த்தேன். நம் பள்ளிக் குழுவில் நம் வகுப்பு லீடரின் குரல் செய்தி. வயது ஐம்பத்தைந்து ஆகியும் அந்த அதட்டல் அவளைவிட்டுப் போகவில்லை.

"எல்லாரும் கேளுங்கடி. ஜூன்ல ரெண்டு நாளு கடல் பக்கம் போறோம். மாமல்லபுரம் வேணாம், பாண்டிச்சேரியும் வேணாம். எங்க பாத்தாலும் ரிசார்ட்டு, எங்க பாத்தாலும் செல்ஃபி, ஒரே பேஜாரு. கூட்டமே இல்லாத, சத்தமே இல்லாத எடம் யாருக்குனா தெரிஞ்சா சொல்லுங்க."

கீழே கடைசி பெஞ்சுக்காரி பதில் போட்டிருந்தாள். "சத்தமே இல்லாத எடந்தான வேணும்? எங்க வூட்டுக்கு வாங்க. நானும் எங்க வூட்டுக்காரரும் பேசி ஆறு மாசம் ஆவுது."

எல்லோரும் சிரித்திருந்தீர்கள். நானும் சிரித்தேன். பிறகு 'எனக்கு ஒரு இடம் தெரியும்' என்று தட்டினேன். அனுப்பவில்லை, அழித்துவிட்டேன். இடத்தின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள எனக்கு வராது. அதனால் முழுவதையும் இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டு, போவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நாம் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்தது ஆறாம் வகுப்பில். இது அதற்கு முந்தைய கதை, நான் நான்காம் வகுப்பு முடித்த கோடை. அதனால் உங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்த எங்கள் தெருக்காரர்களும் பேசியதில்லை.

அந்தப் பங்குனியில் எனக்கு ஒரு தம்பி பிறந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது என்னைத் தொடவிடவில்லை. தீட்டுக் கழியட்டும் என்றார்கள். பின்னறையின் கதவுக்கு வெளியே நின்று இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன். பழைய சேலைத் துணிக்குள் சிவப்பாக ஒரு நெற்றி, மூடிய கண், அவ்வளவுதான். பதினோராம் நாள் புண்ணியதானம் செய்து பெயர் வைத்துத் தொட்டிலில் போடுவதாக இருந்தது. அதற்கு முன்பே ஒரு விடிகாலையில் போய்விட்டான். காய்ச்சல் என்றார்கள். அப்பாவும் பக்கத்து வீட்டுப் பெரியவரும் வெள்ளைத் துண்டில் சுற்றி ஆற்றங்கரைக்கு எடுத்துப் போனார்கள். காபி குடிக்கும் நேரத்துக்குத் திரும்பி வந்துவிட்டார்கள்.

ஆரணியில் எங்கள் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டுக்கு வீடு பட்டுத் தறி. சாவு விழுந்த வீட்டில் முதலில் தறி நிற்கும். அது காதில் விழாமல் போனதும் அடுத்த வீட்டில் நிறுத்துவார்கள். பிறகு அதற்கடுத்த வீடு. யாரும் யாருக்கும் சொல்லி அனுப்ப வேண்டாம். தெருமுனைவரை ஒவ்வொன்றாக அடங்கும். உடலை எடுத்த பிறகுதான் மறுபடியும் தறிகளில் நாடா ஓடும். முகூர்த்தச் சேலையாக இருந்தாலும் சரி, முதலாளி வந்து வாசலில் நின்றாலும் சரி, அதில் மாற்றம் இல்லை.

பெயர் வைக்காத குழந்தைக்கு அந்த வழக்கம் கிடையாது. அன்று எங்கள் தறி மட்டும் நின்றது. மற்ற எல்லாம் ஓடின. அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஆற்றங்கரையிலிருந்து வந்து, கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரத்தோடு தறிக்குழியில் இறங்கியதை நானே பார்த்தேன். அவர் மனைவி எங்களுக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்தாள். வழக்கம் அப்படி, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அம்மா பேசவில்லை. அழவும் இல்லை. கேட்டால் தலையாட்டுவாள். ராட்டையின் முன்னால் உட்கார்வாள், கை சுற்றும். நூல் தீர்ந்துபோன பிறகும் வெறும் ராட்டை சுற்றிக்கொண்டிருக்கும். அப்பாவும் மற்றப் பெரியவர்களும் கூடி, அந்தக் குழந்தையின் பேச்சை அவள் முன் எடுக்கக்கூடாது என்று முடிவு செய்தார்கள். எனக்கும் சொல்லப்பட்டது. அவனுக்குத் தைத்து வைத்திருந்த இரண்டு சின்னச் சட்டைகளையும், மஞ்சள் நிறக் கிலுகிலுப்பை ஒன்றையும் யார் எங்கே கொண்டுபோனார்கள் என்று தெரியவில்லை. அந்தக் கிலுகிலுப்பை என்னுடையதாக இருந்தது. அதைப் பற்றியும் நான் கேட்கவில்லை.

சித்திரையில் அப்பா அவளை வேலூருக்கு அழைத்துப் போய் ஒரு டாக்டரிடம் காட்டினார். டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "கொஞ்ச நாள் சத்தமில்லாத எடத்துல வச்சிப் பாருங்க. கடல் காத்து நல்லது" என்றாராம். அப்பா அந்த முதல் வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார். விடிந்தது முதல் பொழுது சாயும்வரை தறிச்சத்தத்திலேயே கிடக்கிறவளுக்கு வேறென்ன நோய் வரும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. தறிதான் அவளை உள்ளே தட்டிக்கொண்டே இருக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் சொன்னார். நெசவுக்காரர் ஒருவருக்குத்தான் அப்படித் தோன்றும் என்று இப்போது நினைக்கிறேன்.

அவர் நெய்த கல்யாணச் சேலை ஒன்று மரக்காணத்தில் ஓர் உப்பள மேஸ்திரியின் மகளுக்குப் போயிருந்தது. அந்த மேஸ்திரி, கடலோரக் குப்பத்தில் தனக்கு ஒரு சும்மா கிடக்கும் அறை இருப்பதாக எப்போதோ சொல்லியிருந்தார். அப்பா கார்டு போட்டார். வரச்சொல்லிப் பதில் வந்தது.

பட்டு கொடுக்கும் முதலாளி வாசலுக்கே வந்துவிட்டார். "வைகாசி முகூர்த்தம்டா. பொண்ணு வூட்டுக்காரன் என் கழுத்துமேல உக்காந்துகினு இருக்கறான். நீ பாதிச் சேலைய தறியில வுட்டுட்டு கடலு பாக்கப் போறியா?"

"அவ வாயத் தொறந்து பேசினா அன்னிக்கே வந்துடறன் முதலாளி."

"பேசலன்னா?"

அப்பா உள்ளே போனார். தறியில் பாதி நெய்த சேலைமேல் வேட்டியைப் போர்த்தினார். கத்திரி வெயிலில் பாவு நூல் காய்ந்து இழை அறாமல் இருக்க, தினமும் குழியில் தண்ணீர் தெளிக்கச் சொல்லி பெரியவரிடம் சாவியைக் கொடுத்தார்.

எதிர் வீட்டுக்காரி மட்டும் என்னைக் கூப்பிட்டு விசாரித்தாள். "மெட்ராசு பீச்சுக்கா போறீங்க?" இல்லை, மரக்காணம் என்றேன். "அங்க இன்னாடி இருக்குது? மெட்ராசுன்னா சுண்டலாச்சும் கெடைக்கும்."

வந்தவாசிக்கு ஒரு பஸ், திண்டிவனத்துக்கு ஒரு பஸ், மரக்காணத்துக்கு ஒரு பஸ். தகரப் பெட்டி ஒன்று, பாய்ச்சுருள் ஒன்று, மூடி போட்ட பித்தளைக் கூஜா ஒன்று. அந்தக் கூஜா திண்டிவனம் பஸ் நிலையத்தில் காணாமல் போனது. அம்மா பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. அப்பா பெஞ்சுக்கடியில் எல்லாம் குனிந்து தேடினார். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. ஒரு ஸ்பூன் தொலைந்தாலும் வீட்டைத் தலைகீழாகப் புரட்டுகிறவள் அவள்.

மரக்காணம் நெருங்கும்போது சாலையோரம் வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள் தெரிந்தன. யாரோ ஊருக்கே வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு வாங்கிப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பஸ் நின்றதும் உதட்டை நக்கினேன், உப்புக் கரித்தது. மேஸ்திரி மாட்டுவண்டி அனுப்பியிருந்தார். உப்பளங்களைத் தாண்டி, உப்பங்கழியைக் கடந்து, சவுக்குத் தோப்பின் ஊடே மணலில் வண்டி போனபோது சக்கரத்துக்கே சத்தம் போய்விட்டது. அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு திருப்தி.

இப்போது அந்தப் பக்கம் அகலமான கடற்கரைச் சாலை போகிறது, ரிசார்ட் போர்டுகள் வந்துவிட்டன என்று கேள்வி. அப்போது எதுவும் இல்லை. நாற்பது ஐம்பது ஓலை வீடுகள், ஒரு சின்னக் கோவில், கரையில் வரிசையாகக் கட்டுமரங்கள். எங்கள் அறை தோப்போரம் தனியாக இருந்தது. ஓட்டுக் கூரை, மண் தரை, கருவாட்டு வாசனை. கதவைத் திறந்தால் மணல், மணலுக்கு அப்பால் கடல்.

அப்பா அங்கே செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். சத்தத்தைத் துரத்துவது. நான் உரக்கச் சிரித்தால் உதட்டில் விரலை வைப்பார். எங்கள் அறைப் பக்கம் வந்து நொண்டி விளையாடிய பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்து அந்தப்புறம் அனுப்பினார். மறுநாள் மிட்டாய்க்காகவே இரண்டு மடங்கு பிள்ளைகள் வந்தார்கள். தோப்பில் மேயும் ஆடு ஒன்றின் கழுத்தில் மணி இருந்தது. அதைப் பிடித்து, மணிக்குள் தேங்காய் நாரைத் திணித்துவிட்டார்.

அந்த ஆடு எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் அக்காவுடையது. குப்பத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு தள்ளி இருந்ததால் மேஸ்திரி அவளை ஏற்பாடு செய்திருந்தார். இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம். அவள் வருவதற்கு முன்னால் அவள் குரல் வந்துவிடும்.

"இன்னா ஆரணியாரே, மணிய அடச்சிட்ட. ஆடு கத்தினா அது வாய இன்னாத்தப் போட்டு அடைப்ப?"

அப்பா சங்கடமாகச் சிரித்தார். "ஒடம்பு சரியில்லாதவங்க இருக்கறாங்கம்மா. கொஞ்சம் மெல்லப் பேசு."

"நான் மெல்லப் பேசறன். அத இன்னா செய்வ?" என்று கடலைக் காட்டினாள். "ராவும் பகலும் கத்திகினு கெடக்குது. அதையும் வாயப் பொத்தச் சொல்லு."

நான் சிரித்துவிட்டேன். அம்மா சுவரில் சாய்ந்து, கதவு வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நாட்களில் நடந்தவை துண்டு துண்டாகத்தான் நினைவில் இருக்கின்றன. சிவப்பு ரப்பர் செருப்பு ஒன்று மணலில் புதைந்து போனது. கால் எடுத்தேன், செருப்பு வரவில்லை. தோண்டிய இடத்தில் தண்ணீர்தான் ஊறியது. மற்றொன்றை ஊருக்குக் கொண்டுவந்து ரொம்ப நாள் வைத்திருந்தேன். அப்பா காலையில் வாசலில் நின்று விரலைக் காற்றில் நீட்டித் தேய்த்துப் பார்ப்பார். "இந்தக் காத்துல தறி போட்டா இழையே அறாது பாப்பா" என்பார். தறியை விட்டு வந்தவருக்கு அதைத் தவிர வேறு பேச்சு வரவில்லை. பாயில் படுத்திருக்கும்போது அவர் கால்கள் மாறி மாறி அசையும். தூக்கத்தில் மிதிகட்டையை மிதித்துக்கொண்டிருந்தார்.

எனக்கும் தூக்கம் சரியாக இல்லை. பிறந்ததிலிருந்து தறிச்சத்தத்தில் கண் விழித்தவள். விடியலில் அது இல்லாமல், எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் எழுந்து உட்காருவேன். அம்மா ஏற்கெனவே உட்கார்ந்திருப்பாள். ஒரு நாளும் அவள் எனக்குப் பின் விழித்ததாக நினைவில்லை. அவள் தூங்குகிறாளா என்று அப்பா பார்க்கவில்லை. சத்தம் இல்லையென்றால் தூங்குவாள் என்பது அவர் கணக்கு.

அங்கே போய் இரண்டு வாரம் ஆகியிருக்கும். ஒரு காலை வழக்கத்துக்கு மாறாக இருந்தது. தினமும் இருட்டு பிரியுமுன் ஆண்கள் கூவிக்கொண்டு கட்டுமரத்தைத் தண்ணீருக்குள் தள்ளுவார்கள். பிறகு மீன் கூடைகளுக்குப் பெண்கள் சண்டை போடுவார்கள். அன்று அலையைத் தவிர ஒன்றும் இல்லை. அப்பா முகம் கழுவிக்கொண்டு வந்து, துண்டால் துடைத்தபடி சொன்னார்.

"இன்னிக்குத்தான் நல்லா அமைதியா இருக்குது."

தண்ணீர் கொண்டுவரும் அக்கா வந்தாள். குடம் இல்லை. தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. வாசலில் நின்று குரலைத் தாழ்த்திப் பேசினாள். அவளுக்கு அப்படியும் பேச வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

"இன்னிக்குத் தண்ணி எடுத்தாரல. கோயிலாண்ட வூட்ல பச்சப் புள்ள தவறிப்போச்சி. யாரும் தொழிலுக்குப் போவல. மேஸ்திரி வூட்லருந்து ஒரு கொடம் வாங்கிக்க."

அப்பா உள்ளே பார்த்துவிட்டு அவசரமாக வெளியே வந்தார். "எத்தினி நாள் கொழந்தை?"

"ஆறு நாளு."

"ஆறு நாள் கொழந்தைக்கா ஊரே..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"இன்னாய்யா கேள்வி இது? சாவுன்னா சாவுதான்" என்றாள் அவள். கோபமாகத்தான் சொன்னாள்.

"ஒருத்தருமே போவலயா?"

அந்தக் குரல் யாருடையது என்று எனக்கு முதலில் தெரியவில்லை. கரகரவென்று, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. அம்மா எழுந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தண்ணீர்க்கார அக்கா ஆச்சரியப்படவில்லை. "ஒருத்தரும் போவலம்மா. மரமெல்லாம் கரையிலதான் கெடக்குது. போய்ப் பாரு."

அம்மா செருப்புப் போடாமல் நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். கரையில் கட்டுமரங்கள் எல்லாம் தண்ணீருக்கு எட்டாமல் ஏற்றிப் போடப்பட்டிருந்தன. வலைகள் சுருட்டியபடியே கிடந்தன. கடல் நல்ல நிலையில் இருந்தது, காற்றும் சாதகம். எனக்கே தெரிந்தது, மீன் பிடிக்கத் தோதான நாள் என்று. அம்மா அந்த வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெல்ல நடந்தாள். ஒவ்வொரு மரத்தையும் கையால் தொட்டாள். கடைசி மரத்தைத் தொட்டதும் திரும்பி, கோவில் பக்கம் நடக்க ஆரம்பித்தாள்.

அப்பா மணலில் தடுமாறிக்கொண்டு வந்தார். "எங்க போற? அங்க வேணாம். சொல்றத கேளு. இங்க பாரு, வேணாம்."

அவள் நிற்கவில்லை.

அந்த வீட்டு வாசலில் ஆண்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பெண்கள். நடுவில் ஒரு சின்னப்பெண், இருபது வயதுகூட இருக்காது, சுவரைப் பார்த்தபடி. எங்களை அங்கே யாருக்கும் தெரியாது. யாரும் எதுவும் கேட்காமல் நகர்ந்து இடம் விட்டார்கள். அம்மா அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் தோளில் கை போட்டாள். 

பிறகு அம்மா அழுதாள். அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படி ஓர் அழுகையைக் கேட்டதில்லை. அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னாள்.

"உன் புள்ளைக்கு ஊரே நின்னுச்சிம்மா. எம் புள்ளைக்கு ஒரு தறிகூட நிக்கலயே. ஒரு தறிகூட நிக்கலயே."

அங்கே இருந்த பெண்களுக்குத் தறி என்றால் என்ன, அது ஏன் நிற்க வேண்டும் என்பதெல்லாம் தெரிந்திருக்காது. ஆனாலும் சேர்ந்து அழுதார்கள். ஒரு வயதான பெண்மணி அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டே, "சொல்லு, சொல்லு" என்றாள்.

நான் வெளியே வந்தேன். அப்பா ஆண்களோடு உட்காரவும் முடியாமல் போகவும் முடியாமல் நின்றிருந்தார். ஒருவர் கேட்டார், "உங்களுக்குச் சொந்தக்காரங்களா?"

"இல்ல. அவளுக்கு ஒடம்பு சரியில்ல. அதான் அழுவறா."

"அழட்டும் வுடுய்யா. குந்து."

அப்பா உட்காரவில்லை.

மதியம் அறைக்கு வந்ததும் அம்மா சோறு கேட்டாள். தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். எனக்கும் பிசைந்து கொடுத்தாள். கையில் உப்பு வாசனை. பிறகு பாயில் படுத்தவள், விளக்கு ஏற்றும் நேரம்வரை அசையாமல் தூங்கினாள். வெளியே பிள்ளைகள் கத்தி விளையாடினார்கள். அன்று அப்பா அவர்களை விரட்டவில்லை. தகரப் பெட்டியைத் திறந்து துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு மொத பஸ்ஸுக்குக் கெளம்பணும்" என்றார். அம்மா அப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"மூணாம் நாள் வரைக்கும் இருந்துட்டுப் போலாங்க. அந்தப் பொண்ணுகிட்ட வரன்னு சொல்லிட்டன்."

"சாவு வூடு சுத்தறதுக்கா இங்க வந்தோம்? இந்த எடமே சரியில்ல."

"ரெண்டு நாளு தாங்க."

அப்பா பெட்டியை மூடிப் பூட்டினார். அம்மா மறுபடி கேட்கவில்லை.

விடிந்ததும் தண்ணீர்க்கார அக்கா வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "இத்தினி நாளு வாயத் தொறக்கலன்னு பாத்துகினு இருந்த. இப்பத்தான் தொறந்தா, அதுக்குள்ள மூட்டையக் கட்டற. நீ இன்னா மனுசன்யா?"

"ஜல்தி ஏறுங்க, பஸ்ஸு போயிடும்" என்றார் அப்பா எங்களிடம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அப்பா தோற்றுப்போனதாக நினைக்கவில்லை. ஆரணியில் இறங்கிய அன்றே முதலாளி கேட்டார், "பேசறாளா?" அப்பா சொன்னார், "பேசறா முதலாளி." அது உண்மைதான். அம்மா பேசினாள். உப்பு தீர்ந்துவிட்டது, பாப்பாவுக்குச் சட்டை சின்னதாகிவிட்டது, நூல் எப்போது வரும் என்றெல்லாம் பேசினாள். தறி ஓட ஆரம்பித்தது. முகூர்த்தச் சேலை முடிந்தது. சாவு வீட்டுக்குப் போனதால் கெட்டுவிட இருந்தது, அதற்கு முன்பே அமைதியான இடத்தில் வைத்திருந்ததால் தப்பித்தோம் என்பது அப்பாவின் முடிவு. பல வருஷம் வரைக்கும், யாருக்கு மனசு சரியில்லை என்றாலும், "மரக்காணம் தாண்டி ஒரு குப்பம் இருக்குது, கூட்டிகினு போங்க, ஈ எறும்பு சத்தம்கூட இருக்காது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் போயும் வந்தார்கள்.

அவரைக் குறை சொல்ல எனக்குத் தெம்பில்லை. துண்டில் சுற்றி ஆற்றங்கரைக்குத் தூக்கிப் போனவர் அவர்தான். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று இப்போது தெரிந்துகொள்ள வழியில்லை. ஒன்று மட்டும் எனக்குப் புரிய இத்தனை வயது ஆனது. அம்மாவுக்குத் தறிச்சத்தம் ஒரு நாளும் பகையாக இருந்ததில்லை. அது ஒரு நாள் நின்றிருக்க வேண்டும் என்பதுதான் அவள் கேட்டது. அதற்கு அவளைச் சத்தமே இல்லாத இடத்துக்குக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள்.

அப்பா இறந்தது எட்டு வருஷங்களுக்கு முன்பு. அந்தக் காலை எல்லோரும் வந்து போய்க்கொண்டிருந்தபோது, தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "எல்லாம் நின்னுடுச்சா, போய்ப் பாரு" என்றாள். தெருமுனைவரை நடந்து பார்த்தேன். கைத்தறிகள் நின்றிருந்தன. பின் தெருவில் புதிதாக வந்திருந்த விசைத்தறிக்காரர்கூட ஸ்விட்சை அணைத்துவிட்டு வாசலில் நின்றார். வந்து, "நின்னுடுச்சிம்மா" என்றேன். அம்மா தலையாட்டினாள். நான் அடுத்து செய்ய வேண்டியவற்றைப் பார்க்கப் போய்விட்டேன். அன்று எனக்கு நிறைய வேலை.

இன்று சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவுக்கு முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே, நீங்கள் கடலுக்குப் போகப் போவதைச் சொன்னேன். எந்த ஊர் என்றாள். முடிவாகவில்லை, மரக்காணம் பக்கம் ஓர் இடம் சொல்லலாம் என்று நினைக்கிறேன் என்றேன்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து எழுந்தேன்.

"அந்தப் பொண்ணுகிட்ட மூணாம் நாளுக்கு வரன்னு சொன்னன்" என்றாள். "போவாம வந்துட்டன். இன்னா நெனச்சிதோ."

எனக்குச் சோர்வாக இருந்தது. பகலெல்லாம் கவுண்டரில் உட்கார்ந்த சோர்வு மட்டும் அல்ல. இந்த வீட்டில் நாங்கள் மூன்று பேராக இருந்தோம், பிறகு இரண்டு பேரானோம், இத்தனை காலத்தில் ஒருவர்கூட அந்தக் குழந்தையைப் பற்றி வாய் திறந்ததில்லை. அவள் மனசு நோகக்கூடாது என்றுதான். வேலூர் டாக்டர் சொன்ன அந்தச் சத்தமில்லாத மருந்தை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. அம்மாவுக்குப் போர்வையை இழுத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். நீங்கள் மரக்காணம் பக்கம் தாராளமாகப் போய் வாருங்கள். நான் வரவில்லை. எனக்கு இங்கே வேலை இருக்கிறது.

மே 13, புதன்கிழமை. எழுந்ததும் முதலில் அம்மாவின் கட்டிலுக்குப் போனேன். அவள் வழக்கம்போல விழித்துதான் இருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"அம்மா, தம்பிக்குப் பதினோராம் நாள் வந்திருந்தா இன்னா பேரு வச்சிருப்பீங்க?"

அம்மா என் முகத்தையே பார்த்தாள். கோபமா என்று பயந்தேன்.

"உங்கப்பா ஒரு பேரு சொல்லிகினு இருந்தாரு. எனக்கு அது புடிக்கல" என்றாள். "நான் வேற ஒண்ணு நெனச்சி வச்சிருந்தன்."

"நீ நெனச்சது எது?"

சொன்னாள். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. சொல்லிவிட்டு, என்னையும் ஒரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். சத்தமாச் சொல்லு என்றாள்.